கூழாங்கற்களின் சாட்சியம்

வெரிபீக்கு வீடு மாறி வந்த புதிதில், பின்வளவில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட வெளிக்கிட்டேன். மண்வெட்டி நாலு விரல் ஆழத்துக்குமேல் இறங்க மறுத்தது. அலவாங்கால் கிளறினால் கருங்கல்லுக்குக் கீழே இன்னொரு கருங்கல். மெல்பேணின் மேற்குப் புறத்தில் தொடங்கி விக்டோரியாவின் மேற்கெல்லை வரை நீளும் இந்தச் சமவெளி, எரிமலைக் குழம்பு பரவி இறுகிய பாறையின்மேல் கிடக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கல்லைப் பொறுக்கி வேலியோரம் குவித்துக்கொண்டு நின்றபோது என் பேரன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அம்மப்பா, செவ்வாயிலயும் இந்தக் கல்லுத்தான்."

அவன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் செவ்வாய்க்கிரகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. விஷயம் அவனுக்குத் தெரியும், வசனம்தான் தெரியாது. வசனத்துக்கு நான். கணினியில் ஒரு படத்தைக் காட்டினான். உடைந்த சீமெந்துத் தளம்போல ஒரு பாறை. அதற்குள்ளும் அதைச் சுற்றியும் உருண்டை உருண்டையான கூழாங்கற்கள். கியூரியோசிட்டி என்ற ஊர்தி 2012இல் எடுத்த படம்.

"இதிலதான் ஆறு ஓடினது," என்றான்.

"தண்ணி எங்கயடா?"

"இப்ப இல்லை. முந்தி."

"இல்லாத தண்ணி இருந்ததெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"கல்லுத்தான்."

இந்தப் பதிலுக்கு நான் ஆச்சரியப்பட்டிருக்கக்கூடாது. நான் வழுக்கையாற்றுப் பக்கத்து ஆள். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடலேரியோடு கலக்கிற வழுக்கையாறுதான் எங்களுக்கு ஆறு. சித்திரை வெயிலில் அதற்குள் ஆடு மேயும், நாங்கள் பந்தடிப்போம். அப்போதும் அதை ஆறு என்றுதான் சொன்னோம். கரை இருந்தது, மண் படிந்திருந்த விதம் இருந்தது, மாரியில் கண்ட ஞாபகம் இருந்தது. செவ்வாயில் அந்த மூன்றாவது இல்லை. அங்கே மாரியைக் கண்டவர் ஒருவருமில்லை.

இல்லாமற்போன ஒன்று இருந்தது என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? எவ்வளவு உறுதியோடு சொல்லலாம்? இதைப் பாறை ஆராய்ச்சிக்காரரின் கேள்வியென்று நான் ஒதுக்கிவிடமாட்டேன். ஊர் போய், வீடு போய், வீட்டின் உறுதிக்கட்டும் போய், இருந்தது இருந்தது என்று சொல்லியே முப்பது நாற்பது வருடங்களைக் கழித்த எங்களுக்கு இது வாழ்க்கைக் கேள்வி.

*

1877இல் மிலான் நகரிலிருந்து செவ்வாயைப் பார்த்த ஸ்கியாபரெல்லி என்ற வானியலாளர், அதன் முகத்தில் மெல்லிய கோடுகளைக் கண்டு அவற்றை "கனாலி" என்று குறித்தார். இத்தாலிய மொழியில் அந்தச் சொல் இயற்கையான நீரோடைக்கும் பொருந்தும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது யாரோ வெட்டிய கால்வாயாகிவிட்டது. அமெரிக்கச் செல்வந்தரான பேர்சிவல் லொவெல் 1894இல் அரிசோனாவில் தன் சொந்தப் பணத்தில் ஒரு வானாய்வுக்கூடம் கட்டி, நூற்றுக்கணக்கான கால்வாய்களை வரைந்தார். காய்ந்துகொண்டிருக்கும் ஓர் உலகம், துருவப் பனியிலிருந்து நீரைக் கொண்டுவரக் கால்வாய் வெட்டும் ஒரு புத்திசாலி இனம். அழகான கதை. 1916இல் இறக்கும்வரை அவர் அதை விடவில்லை.

லொவெல் பொய்யரல்லர். தான் கண்டதைத்தான் வரைந்தார். 1903இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் மோண்டர் என்ற வானியலாளர் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். கோடு எதுவும் இல்லாத, புள்ளிகளும் நிழல்களும் மட்டுமே உள்ள வட்டப் படங்களைத் தூரத்திலிருந்து காட்டி வரையச் சொன்னார். பிள்ளைகள் கோடுகளை வரைந்தார்கள். பார்வை முடிகிற எல்லையில் கண் தானாகவே புள்ளிகளைக் கோடாக இணைத்துவிடுகிறது. அங்கே ஆசையும் சேர்ந்தால் கோடு கால்வாயாகிறது.

எங்களுக்கும் ஒரு லொவெல் கதை உண்டு. மடகஸ்காரில் வாழும் லெமூர் என்ற விலங்கின் இனத்தவை இந்தியாவிலும் காணப்படுவது எப்படி என்று விளக்க, 1864இல் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கிலேயர் கடலில் மூழ்கிய ஒரு கண்டத்தை ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அன்றைக்கு அது நியாயமான ஊகம். இறையனார் அகப்பொருள் உரையிலே முன்னைச் சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடல் கொண்ட செய்தி எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் இணைத்துக் குமரிக்கண்டம் என்று கோடு வரைந்தோம். கண்டங்கள் நகர்கின்றன என்று வெகனர் 1912இல் சொன்னார். 1960களில் அது நிலைநாட்டப்பட்டது. மூழ்கிய கண்டத்துக்குத் தேவையே இல்லாமற்போய், விஞ்ஞானிகள் லெமூரியாவைக் கைவிட்டார்கள். நாங்கள் விடவில்லை. இன்றைக்கும் எங்கள் விழா மேடைகளில் அது உயிரோடு இருக்கிறது. மொழி மேலிருக்கும் அன்பினால்தான் பேசுகிறார்கள் என்பதை நான் அறிவேன். லொவெலுக்கும் செவ்வாய்மேல் அன்புதான்.

இதில் எனக்கு உள்ள வருத்தம் வேறு. வெரிபீ ஆற்றின் மேற்பகுதியில், பக்கஸ் மார்ஷுக்கு அருகே, ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அங்குள்ள பாறைகளுக்குள் கீறல் விழுந்த கற்கள் பதிந்திருக்கின்றன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறு ஒன்று இழுத்துவந்த கற்கள் அவை. ஒடிசாவின் தால்ச்சேரில் பனிக்கட்டியின் தடயமாக 1856இல் பிளான்போர்ட் சகோதரர்கள் இனங்கண்ட கற்பாறைப் படுகையும் ஏறத்தாழ அதே காலத்தது. இரண்டு இடத்துக்கும் மேலேயுள்ள படிவுகளில் வலைபோல் நரம்போடிய ஒரே வகை இலையின் பதிவு கிடைக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் ஒரே நிலமாக இருந்த கொண்ட்வானாவின் சாட்சிகள் இவை. நாங்கள் பிறந்த நிலமும் வந்து சேர்ந்த நிலமும் ஒருகாலத்தில் ஒட்டிக்கிடந்தன என்பதற்குக் கல்லிலே கையெழுத்து இருக்கிறது. மனிதர் தோன்றுவதற்கு வெகுகாலத்துக்கு முந்திய அந்த நிலத்தில் தமிழன் இல்லை என்பதனாலோ என்னவோ, அதை எங்கள் மேடைகளில் ஒருவரும் பேசுவதில்லை.

*

லொவெலின் தவறுக்கு நேரெதிரான தவறும் செவ்வாயின் வரலாற்றில் இருக்கிறது.

1965 யூலையில் மரினர் 4 என்ற விண்கலம் செவ்வாயைக் கடந்துபோகையில் 22 படங்களை எடுத்தது. கன்பராவுக்கு அருகே திட்பின்பில்லாவில் அந்த ஆண்டுதான் திறக்கப்பட்ட நிலையமும் அதன் சமிக்ஞைகளைப் பெற்றது. படங்களில் கால்வாய் இல்லை, ஆறு இல்லை. நிலவில் இருப்பதுபோன்ற பள்ளங்கள்தான். செவ்வாய் செத்த உலகம், எப்போதுமே செத்த உலகம் என்று பலர் முடிவுகட்டினார்கள். அந்த 22 படங்களும் காட்டியது கிரகத்தின் நூற்றில் ஒரு பங்கை.

1971 நவம்பரில் மரினர் 9 போய்ச் சேர்ந்தபோது செவ்வாய் முழுவதையும் புழுதிப்புயல் மூடியிருந்தது. அதே நாட்களில் போய்ச் சேர்ந்த சோவியத் கலங்கள் இரண்டும் முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைப்படி புழுதியைப் படமெடுத்தன. மரினர் 9இன் திட்டத்தை மாற்ற முடிந்தது, காத்திருந்தார்கள். புழுதி அடங்கியதும் கிளை கிளையாகப் பிரியும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும், பெருவெள்ளம் அறுத்த அகன்ற வாய்க்கால்களும் தெரியவந்தன. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட முடிவு, பார்த்த ஒன்றைக்கொண்டு பார்க்காத தொண்ணூற்றொன்பதையும் தீர்த்துவிட்ட முடிவு.

இந்தத் தவறு செய்ய விண்கலம் தேவையில்லை. வெரிபீ என்பதே இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் சொல். முதுகெலும்பு என்று பொருள் சொல்கிறார்கள். இந்த மண் யாருக்கும் உரியதாக இருக்கவில்லை என்ற சட்டக் கற்பனையை 1992 யூன் 3ஆம் திகதி மாபோ வழக்கில் உயர்நீதிமன்றம் தூக்கியெறிந்தது. அதன்பின் மறே, கோல்பேண் ஆற்றங்கரைகளைச் சேர்ந்த யோர்ட்டா யோர்ட்டா மக்கள் தங்கள் நிலத்துக்கு வழக்காடினார்கள். 1998இல் தீர்ப்பளித்த நீதிபதி, வரலாற்றின் அலை அவர்களுடைய மரபுகளைக் கழுவிக்கொண்டு போய்விட்டது என்ற கருத்தில் வழக்கைத் தள்ளினார். வந்து சாட்சி சொன்ன முதியவர்களின் வாய்மொழியைவிட, 1840களில் அங்கே ஆடு வளர்த்த வெள்ளையர் ஒருவர் எழுதிவைத்த குறிப்புகளுக்கு அவர் கூடிய எடை கொடுத்தார். 2002இல் உயர்நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. நீர் ஓடிய தடத்தைச் செவ்வாயில் தேட ஆண்டுக்கணக்கில் பொறுமை காக்கிற மனித இனம், பக்கத்தில் நின்று பேசுகிற மனிதரின் தடத்தை நீர் கழுவிவிட்டது என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுகிறது.

நாங்கள் மட்டும் சுத்தமா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்துக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். மறுநாள் சோனகத் தெருவில் கதவு திறந்தபடி வீடுகள் கிடந்தன. அந்தத் தெருவால் சைக்கிளில் போனவர்களில் நானும் ஒருவன். நான் இறங்கிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்துவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும் என்று அந்த வயதில் நினைத்தேனோ, பயமோ, இரண்டுமோ, இன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிற்காலத்தில் மரினர் 4 பற்றி வாசித்தபோது எனக்கு அந்தத் தெருதான் நினைவுக்கு வந்தது.

*

அப்படியானால் நேர்மையாக அறிவது எப்படி? பேரனின் கூழாங்கல்லுக்கே வருகிறேன்.

2012 ஓகஸ்டில் கேல் என்ற பெரும்பள்ளத்தில் இறங்கிய கியூரியோசிட்டி, சில வாரங்களுக்குள் அந்தக் கற்களைக் கண்டது. அவற்றில் பெரியவை சில சென்ரிமீற்றர் அளவானவை. செவ்வாயின் மெல்லிய காற்று மணலை நகர்த்தும். அந்தப் பருமனுள்ள கல்லைத் தூக்கிக் கொண்டுபோகாது. உடைந்த கல்லுக்குக் கூர் இருக்கும். கூர் மழுங்கி உருளவேண்டுமானால் அது மற்றக் கற்களோடு மோதி உராய்ந்து வெகுதூரம் வந்திருக்கவேண்டும். இப்படி ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு வந்தால் நீரோட்டம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. கல்லின் பருமனிலிருந்து ஆழத்தையும் வேகத்தையும் கணித்தார்கள்: கணுக்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட ஆழம், நொடிக்கு ஒரு மீற்றருக்குக் குறைந்த வேகம். மாரியில் வழுக்கையாறும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடியிருக்கும்.

இதைவிட என்னைத் தொட்டது இன்னொரு சம்பவம். 2011இல் மக்கியூவன் என்ற ஆய்வாளரின் குழு, செவ்வாயின் சில சரிவுகளில் வெப்ப காலத்தில் நீண்டு குளிர் காலத்தில் மறையும் கரிய கோடுகளைக் கண்டது. அவற்றை முதலில் கவனித்தவர் நேபாளத்தில் பிறந்த லுஜேந்திர ஓஜா. அப்போது அவர் மாணவர். 2015இல் அந்தக் கோடுகளில் நீர் சேர்ந்த உப்புகளின் அடையாளம் கிடைத்ததாக அறிவித்தார்கள். செவ்வாயில் இன்றும் நீர் ஓடுகிறது என்று உலகம் முழுவதும் செய்தி. 2017இல் இன்னொரு ஆய்வு வந்தது. அந்தக் கோடுகள் 27 பாகைக்குமேல் செங்குத்தான சரிவில்தான் முடிகின்றன; உலர்ந்த மணல் சரிவதற்கும் அவ்வளவு சரிவுதான் வேண்டும். ஆகவே ஓடியது பெரும்பாலும் மணலாகவே இருக்கலாம் என்றது அந்த ஆய்வு. முன்னைய ஆய்வுகளில் கையெழுத்திட்ட மக்கியூவன் இதிலும் கையெழுத்திட்டிருந்தார்.

தன் பெயரோடு உலகமெல்லாம் போன ஒரு சொல்லைத் தானே வந்து குறைத்துக்கொள்வது லேசான காரியமல்ல. அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் மத்தியில் அப்படி ஒருவர் எழுந்து, "நான் முந்திச் சொன்ன எண்ணிக்கை பிழை, குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் பின்வாங்கியதால் கூழாங்கல்லின் சாட்சியம் பலவீனப்படவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். இவர்கள் பிழையென்றால் பிழையென்று சொல்லுவார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகு, சரியென்று சொல்வதற்கும் பெறுமதி கூடுகிறது.

*

இதையெல்லாம் நான் எழுத வந்ததற்குக் காரணம் செம்மணி.

1996இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனார்கள். கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய் ஒருவர், 1998இல் நீதிமன்றத்தில், செம்மணியில் முந்நூறு நானூறு பேர் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 1999இல் தோண்டினார்கள். 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. சொன்னது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள். கால் நூற்றாண்டு போனது. 2025 பெப்ரவரியில் அதே பகுதியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குக் கிடங்கு வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டத் தோண்ட, அந்த ஆண்டு செப்தெம்பருக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு பிள்ளையின் புத்தகப்பையும் இருந்தது.

15 என்பது 22 படங்களைப் போன்றது. அதைக்கொண்டு மிச்ச மண்ணைத் தீர்த்துவிட்டார்கள். காணாமற்போனோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்தபோது கேட்டதும் இதுதான்: பார்த்துச் சொல்லுங்கள், பார்க்காமல் சொல்லாதேயுங்கள்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கடமையும் இங்கேயே தொடங்குகிறது. அந்தப் படங்கள் வந்த வாரமே, எத்தனை பேர், யார், எந்த ஆண்டு, எப்படி என்று எல்லாம் தெரிந்தவர்கள்போல எங்களவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஓர் எலும்பு யாருடையது, எந்தக் காலத்தது என்பதை மண்ணும் மருத்துவமும் மரபணுவும்தான் சொல்லவேண்டும். 1999இல் கிடைத்த 15 பேரில் இருவர் யார் என்பது அடையாளங்காணப்பட்டது. அந்த இரு வீடுகளிலும் காத்திருப்பு முடிந்தது. மற்ற வீடுகளுக்கும் அது கிடைக்கவேண்டுமானால் அவசரப்பட்ட ஒரு சொல் நடுவில் நிற்கக்கூடாது. நாங்கள் கூட்டிச் சொல்கிற ஒவ்வொன்றும், மறுக்கக் காத்திருப்பவனுக்கு நாங்களே கொடுக்கிற ஆயுதம். லொவெலின் கால்வாய்கள் இல்லை என்று ஆனபோது, அதோடு சேர்த்து உண்மையான ஆறுகளும் இல்லையென்று ஆறேழு ஆண்டுகள் நம்பப்பட்டதை நினைத்துக்கொள்ளலாம்.

நியாயம் கேட்பவனிடம் இவ்வளவு கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது அநியாயம் என்று ஒரு நண்பர் என்னோடு சண்டை பிடித்தார். "அவங்கள் நூறு பொய் சொல்லலாம், நாங்கள் ஒண்டு கூட்டிச் சொல்லக்கூடாதோ?" என்றார். அவருடைய தம்பி 1996இல் போனவன். அவருக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி எதுவும் அன்று வாயில் வரவில்லை. இன்றும் முழுதாக இல்லை. தம்பியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மை என்பதும், அந்த உண்மைக்கு வேறு எதையும் சேர்க்கத் தேவையில்லை என்பதும் மட்டும் எனக்குத் தெரியும்.

*

பேரனின் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தோம். "செவ்வாயில் தண்ணி இருந்தது, உயிர் இருந்தது" என்று எழுதியிருந்தான். முதலாவதை விட்டேன். இரண்டாவதைப் பற்றிக் கேட்டேன். 2024இல் பேர்சிவிரன்ஸ் ஊர்தி புள்ளி விழுந்த ஒரு பாறையைக் கண்டதையும், அது பழைய உயிரின் தடமாக இருக்கலாம் என்று 2025இல் ஆய்வாளர்கள் எழுதியதையும் சொன்னான். "இருக்கலாம் எண்டுதானே அவையள் சொல்லியிருக்கினம்?" என்றேன்.

இருந்தது, இருந்திருக்கவேண்டும், இருந்திருக்கலாம் என்ற மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஆங்கிலத்தில் அவனுக்கு அது தெரியும். தமிழில் இப்போதுதான் படிக்கிறான். எங்களில் கனபேர் தமிழ் நன்றாகத் தெரிந்தும் அந்த வித்தியாசத்தைத் தொலைத்துவிட்டோம் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனேன். வெரிபீ ஆறு கற்களுக்கிடையே மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. கீறல் விழுந்த கல் ஒன்றைத் தேடிப்பிடித்து அவன் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தான். வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். கூடாது, இது அரச பூங்கா. அதோடு பிறகு வருகிறவனும் பார்க்கவேண்டும் என்றேன். எடுத்த இடத்திலேயே, முன்பு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலே வரும்படி வைத்துவிட்டு வந்தான்.